மாத்திரை இலவசம், பஸ் கட்டணம்?

ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை இதுதான். தினம் ஒன்று வீதம் 12 வாரம், 84 மாத்திரை, 84,000 டாலர். அன்றைய மதிப்பில் 50 லட்சம் ரூபாய்க்கு மேல். கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ்-சி கிருமியை உடலிலிருந்து அடியோடு விரட்டக்கூடிய மருந்து என்பதால் விலையைப் பற்றி முணுமுணுத்தவர்கள்கூட மருந்தைக் குறை சொல்லவில்லை. இன்று அதே மருந்தை பட்டிண்டாவிலோ ரோத்தக்கிலோ அரசு ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்ட்டரில் காசில்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

மருந்து உலகில் இப்படி ஒரு விலைச் சரிவு அபூர்வம். இலவசம் என்றால் கூட்டம் அலைமோத வேண்டும். அலைமோதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் இந்தியாவில் ஹெபடைடிஸ்-சி கிருமியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர். அதன் பங்காளியான ஹெபடைடிஸ்-பி கிருமியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடி. இவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் சிகிச்சையை முடித்தவர்கள் இன்னும் குறைவு.

தெரியாமல் போவதற்குக் காரணம் நோயின் சுபாவம். ஹெபடைடிஸ்-சி சத்தம் போடாது. மஞ்சள் காமாலை வந்தால் உடனே கீழாநெல்லியைத் தேடுகிறோம்; இந்தக் கிருமி பெரும்பாலும் காமாலையாகத் தலைகாட்டுவதே இல்லை. இருபது, முப்பது வருடம் உள்ளே இருந்து கல்லீரலைத் தழும்பாக்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுக்கும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கிருமி ரத்தத்தின் வழியே தொற்றுவது. ஒரே ஊசியைப் பலருக்கும் போடும் போலி டாக்டர், சரியாகக் கொதிக்க வைக்காத பல் மருத்துவக் கருவி, போதை ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள், சோதிக்காமல் ஏற்றப்பட்ட ரத்தம் என்று வழிகள் பல. ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான சோதனை இந்தியாவில் கட்டாயமானதே 2000-க்குப் பிறகுதான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அடிக்கடி ரத்தம் தேவைப்படும் தலசீமியா குழந்தைகள், டயாலிசிஸ் நோயாளிகள் எல்லோருமே சந்தேக வட்டத்தில் இருக்கிறார்கள். ஒழுக்கத்துக்கும் இந்த நோய்க்கும் முடிச்சுப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்து வருடங்களுக்கு முன்பு வரை சிகிச்சை என்றால் இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். காய்ச்சல், உடல்வலி, முடி உதிர்தல், மனச்சோர்வு. செலவு லட்சங்களில். இவ்வளவும் பட்ட பிறகு குணமாகாமல் போனவர்களும் ஏராளம். நிலத்தை விற்று ஊசி போட்டுக்கொண்டவர்கள் பஞ்சாப் கிராமங்களில் இருந்தார்கள்.

விலை சரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோஃபோஸ்புவிரை விற்ற கிலியட் நிறுவனம் 2014 செப்டம்பரில் ஏழு இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. தாராள மனசு மட்டும் காரணமில்லை. காப்புரிமை விண்ணப்பத்தை எதிர்த்து இந்தியக் கம்பெனி ஒன்றும் நோயாளிகள் அமைப்புகளும் மனுப் போட்டிருந்தன. 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் முதலில் விண்ணப்பத்தை நிராகரித்தது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்ய, 2016 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. அதற்குள் உள்நாட்டுக் கம்பெனிகள் போட்டியில் குதித்து, ஒரு மாத மருந்தின் விலை 20,000 ரூபாயில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 12 வார மருந்தைத் தயாரிக்க 68 முதல் 136 டாலர் போதும் என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-லேயே கணக்குப் போட்டிருந்தார்கள். 2015-ல் ஆஸ்திரேலியர் ஒருவர் மருந்து வாங்குவதற்காகவே சென்னைக்கு விமானம் ஏறி வந்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அடிபட்டது. விமான டிக்கெட்டையும் சேர்த்து அவருக்கு லாபம்.

அமெரிக்காவில் விலை இறங்கவில்லை. அதற்குப் பதில் உதவித் திட்டம் வந்தது. தனியார் இன்ஷூரன்ஸ் உள்ள நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைக் கம்பெனியே கூப்பன் மூலம் கட்டிவிடும். இன்ஷூரன்ஸே இல்லாத ஏழைக்கு, படிவம் பூர்த்தி செய்து வருமானச் சான்று கொடுத்தால், மருந்து இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோயாளியின் பங்கை மட்டும் கம்பெனி ஏற்றுக்கொண்டால், மீதிப் பெருந்தொகை இன்ஷூரன்ஸிலிருந்து அதே கம்பெனிக்குத்தானே போய்ச் சேர்கிறது? விலையைப் பற்றிக் கேட்க வேண்டிய நோயாளியின் வாய் கூப்பனால் அடைபடுகிறது. அரசு இன்ஷூரன்ஸில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி கூப்பன் செல்லாது. ஏழைகளுக்கான அரசுத் திட்டத்தில் பல மாநிலங்கள், கல்லீரல் நன்றாகக் கெட்ட பிறகுதான் மருந்து என்று நிபந்தனை போட்டன. அமெரிக்க செனட் நிதிக் குழுவின் இரண்டு உறுப்பினர்கள் 2015 டிசம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, வருமானத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவதுதான் விலை நிர்ணயத்தின் நோக்கம் என்று சொன்னது.

இந்தியாவில் பஞ்சாப் வேறு வழியில் போனது. 2016 ஜூனில் முதல்வர் ஹெபடைடிஸ்-சி நிவாரண நிதி என்ற பெயரில் எல்லா நோயாளிகளுக்கும் மருந்து இலவசம் என்று அறிவித்தது. (சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது எட்டு மாதம்தான் இருந்தது. ஆனால் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகும் திட்டம் நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.) மருந்தை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கினார்கள், ஒரு நோயாளிக்கான செலவு சில ஆயிரம் ரூபாயில் அடங்கியது.

பஞ்சாபின் உண்மையான சாதனை இலவசத்தில் இல்லை. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் கல்லீரல் நிபுணர்கள் நோயாளிகளைத் தங்களிடம் வரவழைக்கவில்லை. 22 மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருந்த சாதாரண டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சந்தேகங்களை வீடியோவில் தீர்த்துவைத்தார்கள். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் முதலில் தேவையில்லை. ஒரு என்சைமின் அளவு, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, இவற்றை வைத்து ஒரு வகுத்தல் கணக்கு. அது போதும். சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிரும் டாக்ளடாஸ்விரும் 12 வாரம். சிக்கலான நோயாளி மட்டும் மருத்துவக் கல்லூரிக்கு.

திட்டத்தில் முதலில் சேர்ந்த 48,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் 2019-ல் மருத்துவ இதழில் வெளியாயின. கடைசிப் பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் குணமாகியிருந்தார்கள். நிபுணர் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடைத்த இந்தப் பலன் உலக அளவில் பேசப்பட்டது. அதிகம் பேசப்படாதது இன்னொன்று: சிகிச்சை தொடங்கியவர்களில் கணிசமான பேர் அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு வரவே இல்லை.

2018 ஜூலை 28, உலக ஹெபடைடிஸ் தினத்தன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சாபில் பரிசோதனைக்குச் சலுகைக் கட்டணத்தையாவது நோயாளியே கட்ட வேண்டியிருந்தது. தேசியத் திட்டத்தில் பரிசோதனை, மருந்து இரண்டுமே இலவசம். ஹெபடைடிஸ்-பி நோயாளிக்கு வருடக்கணக்கில் தேவைப்படும் டெனோஃபோவிரும் இதில் அடக்கம். ஏழை, பணக்காரர் பாகுபாடு கிடையாது. மும்பையில் இருக்கும் தமிழருக்கும் மதுரையில் இருப்பவருக்கும் ஒரே விதிதான். 2030-க்குள் ஹெபடைடிஸ்-சி நோயை ஒழிப்பது இலக்கு.

காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் போட முடியாது. இப்போது மாவட்டத் தலைநகரிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு விவசாயக் கூலியை எடுத்துக்கொள்வோம். முகாமில் விரலைக் குத்திச் சோதித்ததில் கிருமியின் தடயம் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தடயம் இருந்தால் மட்டும் போதாது. கிருமி இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று வைரஸ் அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு ரத்தம் கொடுக்க ஒரு நடை. முடிவு வாங்க ஒரு நடை. மற்ற ரத்தப் பரிசோதனைகளுக்கும் டாக்டரைப் பார்க்கவும் ஒன்று. மருந்தை மாதாமாதம் கொடுப்பதால் மூன்று நடை. மருந்து முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்து, குணமானதா என்று பார்க்கக் கடைசி நடை. ஆக ஏழு நாள் கூலி போயிற்று. ஏழு முறை பஸ் கட்டணம். பெண்ணாக இருந்தால் துணைக்கு ஒருவர், அவர் கூலியும் போயிற்று. நோயாளிக்கோ உடம்பில் ஒரு வலியும் இல்லை. வலியே இல்லாத நோய்க்காக ஏழு நாள் கூலியை விட அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

காசநோய் விஷயத்தில் அரசு இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுவிட்டது. 2018 முதல் காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். ரயில்வேயின் நோயாளிச் சலுகைப் பட்டியலில் புற்றுநோய் உண்டு, தலசீமியா உண்டு, காசநோய், எய்ட்ஸ் உண்டு. கல்லீரல் நோய்க்கு அதில் இடம் கிடைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்க 2017-ல் சட்டம் வந்தது. ஹெபடைடிஸ் நோயாளிக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் கழித்துக்கட்டப்படுபவர், ஆபரேஷனுக்குக் கடைசி ஆளாகத் தள்ளி வைக்கப்படுபவர், தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்படும் மருமகள் ஆகியோர் இந்தத் திட்டத்தின் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. சேர்ந்து சாப்பிடுவதால் இந்தக் கிருமி தொற்றாது என்று குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மாத்திரைப் புட்டி அதைச் சொல்லாது.

நடையைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. காசநோயைக் கண்டுபிடிக்க அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியிலேயே ஹெபடைடிஸ்-சி வைரஸ் அளவையும் பார்க்கலாம். ஓரிரு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். தேசியத் திட்டமும் இதை அனுமதிக்கிறது. காலையில் வந்தவரை மாலையில் மருந்தோடு அனுப்பலாம். நிலைமை சீராக இருக்கும் நோயாளிக்கு மூன்று மாத மருந்தையும் ஒரே தடவையில் கொடுப்பதிலும் பெரிய அபாயம் இல்லை. ஏழு நடை மூன்றாகும். போதை ஊசி பழகிய இளைஞர்களிடையே இந்த நோய் பரவியிருக்கும் மணிப்பூரில், அவர்களைப் போலவே அதிலிருந்து மீண்டவர்கள் கூட்டிக்கொண்டு போனால்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்படிக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு ஒரு சின்னச் சம்பளம் கொடுத்தாலும், மருந்து வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

இலவசம் என்ற விஷயமே தெரியாமல் தனியார் கடையில் காசு கொடுத்து வாங்குபவர்கள் இன்னொரு ரகம். நகரத்தில் நல்ல வேலையில் இருப்பவர்களும் இதில் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் தற்செயலாக நோய் தெரிந்து, பயந்துபோய், சொன்ன இடத்தில் சொன்ன விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போனால் இலவசம் என்று மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் ஒரு வரி சொன்னால் போதும். எத்தனை பேர் சொல்கிறார்கள்?

தாமதமாக வந்தவர்களின் கதை கொடுமையானது. சிரோசிஸ் முற்றியவருக்கும் வெல்படாஸ்விர் சேர்ந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, கிருமி போய்விடும். கெட்ட கல்லீரல் அப்படியே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய் வந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும். வயிற்று நீரை எடுக்க வேண்டும், ஆல்புமின் ஏற்ற வேண்டும். கடைசியில் மாற்றுக் கல்லீரல். அந்தச் செலவுகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. மாநில இன்ஷூரன்ஸ் திட்டம், பிரதமர் நிவாரண நிதி, ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஒரு படிவம், ஒரு வருமானச் சான்று, டாக்டரின் செலவு மதிப்பீட்டுக் கடிதம். முதல் வகுத்தல் கணக்கைப் பத்து வருடம் முன்பே போட்டிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை தேவைப்பட்டிருக்காது.

அந்த விவசாயக் கூலி ஆறு நடை நடந்து 84 மாத்திரைகளையும் விழுங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஏழாவது நடைக்கு அறுவடை குறுக்கே வந்துவிட்டது. அவர் அநேகமாகக் குணமாகியிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு எதிரே, குணமானாரா என்ற கட்டம் மட்டும் காலியாகவே இருக்கிறது.