முனையத்தை மூடுவோர்

எழுத்து மட்டுமே தோன்றும் கணினி முனையத்தின் வழியே கல்லூரி மின்னஞ்சலை வெளியூரிலிருந்து படிக்கும் வசதியைப் பாதுகாப்பின் பெயரால் மூடுவோர், வரலாற்றைத் தலைகீழாக்குகின்றனர். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பியது டெல்நெட். அத்திருட்டைத் தடுக்கவே 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென் எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கினார். திறவுகோல் கோப்பு, இரண்டாம் சரிபார்ப்பு இரண்டும் அதில் இயலும். சூளூர்பேட்டையிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயிலில் வரும் ஆய்வாளருக்கு, சிக்னல் மெலியும் இடத்திலும் சில கிலோபைட் எழுத்துகள் வந்துசேரும். படங்களைச் சுமந்த இணையப்பக்கம் சுழன்றுகொண்டேயிருக்கும். முனையத்தில் 'கொ', 'கோ' சிதைவது உண்மைதான். அது திருத்த வேண்டிய குறை, மூடுவதற்குக் காரணமன்று. வழங்கியைப் பராமரிப்பவருக்குச் சம்பளம் தர மனமில்லையென்றால், கணினி மையங்கள் அதையே வெளிப்படையாகச் சொல்லட்டும்.