யந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்கு?

"கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டருக்கு விரோதிகள்" என்ற பழைய பல்லவியை முதலாளித்துவப் பத்திரிகைகள் இன்னும் விட்டபாடில்லை. இதற்குப் பதில் சொல்வது நம் கடமை.

1960களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் நிர்வாகம் கம்ப்யூட்டரைக் கொண்டுவர முயன்றபோது, கல்கத்தாவில் இலாகோ கட்டடத்து வாசலில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். அவர்கள் விஞ்ஞானத்தை வெறுத்தவர்களா? இல்லை. லட்சோபலட்சம் வாலிபர்கள் வேலையின்றித் தெருவில் நிற்க, உள்ள வேலையையும் யந்திரம் விழுங்கிவிடுமே என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது.

பிறகு 1983 செப்டம்பரில் பாங்கு ஊழியர் சங்கங்கள் நிர்வாகங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. யந்திரம் எங்கே, எவ்வளவு என்பது பேசித் தீர்மானிக்கும் விஷயமாயிற்று. யந்திரமும் வந்தது, சங்கமும் நின்றது.

இன்று காவல் நிற்க வாசல் இல்லை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் தொழிலாளி, தன் காசில் வாங்கிய செல்போனில் தன் மேஸ்திரியைச் சட்டைப்பையிலேயே சுமந்து திரிகிறான். எங்கே போவது, எத்தனை ரூபாய் என்று அதுவே தீர்ப்புச் சொல்கிறது. ஆர்டருக்காகக் காத்துக் கிடக்கும் நேரத்துக்குக் கூலி கேட்டால், "நீ தொழிலாளியே அல்ல, பங்காளி" என்கிறார்கள். லாபத்தில் பங்கில்லாத பங்காளி!

வாசலைக் காக்க முடியாதபோது எதைக் காப்பது? நம் நேரத்தை!

நூறு பேர் நாள் முழுதும் செய்த கணக்கை யந்திரம் நொடியில் முடிக்கிறது. அப்படியானால் வேலை நேரம் குறைய வேண்டுமல்லவா? நடந்தது என்ன? 2023 ஏப்ரல் 21ல் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. எலெக்ட்ரானிக்ஸ் போன்ற சில தொழில்களுக்குத்தான், வாரத்துக்கு 48 மணியைத் தாண்டாது என்று சமாதானம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே 1 அன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 1923ல் தோழர் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி நூறாண்டு நிறைந்த அதே நாள்!

யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை நாம். யந்திரம் வருமுன் சங்கத்துடன் பேசு, ஆட்குறைப்புச் செய்யாதே, கூலி குறையாமல் வேலை நேரத்தைக் குறை, செல்போன் மேஸ்திரியின் கணக்கைத் தொழிலாளிக்குக் காட்டு. இவையே நம் கோரிக்கைகள்.

யந்திரம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மணியும் தானாக முதலாளியின் பெட்டிக்குள் போய்விடும். அதைத் தொழிலாளியின் வீட்டுக்குக் கொண்டுவர சங்கம் வேண்டும். செல்போனில் சிதறிக் கிடக்கும் தோழர்களைச் சேர்ப்போம்!