கணக்குல துண்டு... கவர்னர் வீட்டு வான்கோழி!

லேப்ல பீக்கரை உடைச்சது போன வருஷ பேட்ச். ஃபைன் கட்டினது நீங்க. கட்டலைன்னா 'நோ டியூஸ்' கிடைக்காது! இந்த வயித்தெரிச்சல் தெரிஞ்சவங்களுக்கு எட்வர்ட் டவுவஸ் டெக்கரை உடனே பிடிச்சுடும்.

1820-ல ஆம்ஸ்டர்டாம்ல பிறந்தவர். 18 வயசுல, அப்பா கேப்டனா இருந்த கப்பல்லயே ஏறி, டச்சுக்காரங்க ஆண்ட ஜாவாவுக்குக் கிளம்பிட்டார். பட்டாவியாவுல, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுல, அவருக்குக் கிடைச்ச முதல் வேலை எங்கே தெரியுமா? தணிக்கை ஆபீஸ்ல! அடுத்தவங்க கணக்குல ஓட்டை கண்டுபிடிக்கிற இடம்.

1842-ல சுமத்ராவோட மேற்குக் கரையில இருக்கிற நத்தாலுக்கு மாத்தல். (தென்னாப்பிரிக்காவுல இருக்கே, அந்த நேட்டால் இல்லீங்க.) வயசு 22. ஊர் நிர்வாகமும் கஜானாவும் அவர் தலையில. கஜானாவுல துண்டு விழுந்துச்சு. கணக்கு எழுதறதுல மனுஷன் கொஞ்சம் அசால்ட்டுதான், அதை மறைக்க வேணாம். ஆனா திருடன் இல்ல. அப்போ கவர்னரா இருந்தவர் ஜெனரல் மிகீல்ஸ். செம டோஸ் விட்டார், கையோட சஸ்பெண்டும் பண்ணிட்டார்.

வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. ஊருக்குக் கிளம்பவும் வழியில்ல. பாடாங் நகரத்துல மாசக்கணக்கா பட்டினியும் கடனுமா ஓடுச்சு. பின்னாடி அவர் எழுதின 'மாக்ஸ் ஹாவலார்' நாவல்ல, இதே நிலைமையில மாட்டின ஹீரோ பசி தாங்காம ஜெனரலோட வான்கோழியையே லவட்டிடுவார்! டெக்கர் நிஜத்துல செஞ்சது, கோபத்தையெல்லாம் கொட்டி ஒரு நாடகம் எழுதினது.

குறைஞ்ச பணத்தைக் கைக்காசு போட்டு அடைச்சார். கவர்னர் சுமத்தின பழி நியாயமில்லைன்னு அப்புறம் முடிவாச்சு. கட் ஆன நிம்மதியை யார் அரியர்ஸ் போட்டுத் தருவாங்க?

1856-ல ஜாவாவுல லெபாக் மாவட்டத்துக்கு உதவி ரெசிடென்டா போனார். அங்கே உள்ளூர் தலைவர் விவசாயிகளோட எருமைகளைக் காசு கொடுக்காம ஓட்டிட்டுப் போறார், கூலி இல்லாம வேலை வாங்கறார்னு தெரிஞ்சுது. கூலி கிடைக்காத வலி தெரிஞ்ச ஆள் சும்மா இருப்பாரா? தலைவர் மேல புகார் எழுதினார். மேலதிகாரிங்க புகாரைக் கிடப்புல போடப் பார்த்தாங்க. போய்ச் சேர்ந்து மூணே மாசத்துல ராஜினாமா! குடும்பத்தோட நடுத்தெரு.

1859-ல பிரஸ்ஸல்ஸ்ல உட்கார்ந்து நாவலை எழுதி முடிச்சார். இங்கேதான் நம்ம ஹீரோ கொஞ்சம் சறுக்கறார். புத்தகத்தை வெளியிடாம இருக்கறதுக்கு கவர்ன்மென்ட்கிட்ட ஒரு லிஸ்ட் நீட்டினார். ஜாவாவுல ரெசிடென்ட் பதவி வேணும், விட்டுப்போன சர்வீஸ் வருஷங்களை பென்ஷன்ல சேர்க்கணும், கணிசமா ஒரு அட்வான்ஸ், கூடவே ஒரு அரசு விருது! எருமையைப் பறிகொடுத்த விவசாயிக்கு அந்த லிஸ்ட்ல என்ன இருந்துச்சுன்னு தேடினா, எனக்கு எதுவும் தட்டுப்படல. 'சரி'ன்னு சொல்லியிருந்தா, டச்சு ஆட்சியையே உலுக்கின அந்தப் புத்தகம் பெட்டியில தூங்கியிருக்கும்.

நல்லவேளை, கவர்ன்மென்ட் அதுக்கு மசியல. 1860 மே மாசம் நாவல் வெளியாச்சு. அட்டையில டெக்கர்ங்கிற பேர் இல்ல. 'முல்டாடூலி'ன்னு ஒரு புனைபெயர். லத்தீன்ல, 'நான் நிறையப் பட்டுட்டேன்'னு அர்த்தம்.