கரண்டி கைக்குத் திரும்பட்டும்

"டாக்டர், நான் ஒரு ரசம் வைக்கலாமா?"

கீமோதெரபியின் மூன்றாவது சுழற்சிக்கு வந்திருந்த ஓர் அம்மையார் எங்களிடம் கேட்ட கேள்வி இது. காய்ச்சல், வாந்தி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை என நாங்கள் கேட்க வேண்டியவற்றைக் கேட்டு முடித்து, மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்த நேரம். "அதெல்லாம் இப்போது எதற்கம்மா? நன்றாக ஓய்வெடுங்கள்" என்றோம். "நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்" என்றார் உடன் வந்த மகன். அம்மையார் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சுழற்சிக்கு வந்தபோது அவருடைய எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. கட்டி சுருங்கியிருந்தது, மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. "சாப்பாடு தட்டில் வந்துவிடுகிறது, டாக்டர். ஆனால் என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டேன்" என்றார். 30 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வீட்டின் அடுப்பை ஆண்டவர் அவர்.

ஓய்வு என்ற சொல்லை மருத்துவர்களாகிய நாங்கள் மிகத் தாராளமாக வழங்கிவிடுகிறோம். குடும்பத்தினரும் அன்பின் மிகுதியால் நோயாளியின் கையிலிருந்து ஒவ்வொரு வேலையாக வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் அவர் கையில் எஞ்சுவது மாத்திரை டப்பா ஒன்றுதான். சிகிச்சைக் காலச் சோர்வு முழுநாளும் படுத்திருப்பதால் தீர்வதில்லை. உடல் தாங்கும் அளவிலான நடமாட்டமே அதைக் குறைக்கிறது. ஆகவே, முடிந்த வேலையை முடிந்த அளவில் நோயாளியிடமே திருப்பிக் கொடுங்கள் என்பது எங்கள் கருத்து.

முதலில் சமையல். கீமோதெரபியின்போது பலருக்கு வாயில் இரும்புச் சுவை தங்கிவிடும். எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக மரக் கரண்டியில் உண்டால் அது சற்றுக் குறையும். தாளிக்கும் வாசனையே குமட்டினால், அதை வேறொருவர் செய்யட்டும். நோயாளி கூடத்தில் அமர்ந்து கொத்தமல்லி ஆயலாம், புளி கரைக்கலாம், உப்பின் அளவைச் சொல்லலாம். விரல்கள் மரத்துப்போயிருந்தால் கத்தியும் சூடான பாத்திரமும் அவரிடம் வேண்டாம். வாய்ப்புண் உள்ள நாட்களில் புளியும் மிளகும் எரியும். குழைந்த பருப்புச் சாதமும் கஞ்சியும் இளஞ்சூட்டில் இதமாக இருக்கும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். பத்தியம் என்று சொல்லி முட்டையையும் பாலையும் நிறுத்திவிடாதீர்கள். நன்கு வெந்த ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு; தேறும் உடல் தேடுவது அதைத்தான்.

அடுத்தது, கை அறிந்த கலை. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941ஆம் ஆண்டு வயிற்றில் புற்றுநோய்க்கான பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பின்னர் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடியே வண்ணத் தாள்களைக் கத்தரித்துப் புதிய படைப்புகளை ஆக்கினார். நம் வீடுகளிலும் அதற்கு வழி உண்டு. குனிந்து கோலமிட முடியாதவர் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைக்கலாம். குரல் உள்ளவர் பாடலாம். பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்பத்தின் கதையை எழுதி வைக்கலாம். மண்ணில் கை வைக்கும் தோட்டவேலையை மட்டும் அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் தவிர்த்திடுக.

மூன்றாவது, இறைநம்பிக்கை. அதை எங்களிடம் சொல்லப் பலர் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. விளக்கேற்றுவதும் தொழுவதும் செபிப்பதும் ஒரு நாளுக்கு ஒழுங்கைத் தருகின்றன. இரவின் அச்சத்தைத் தணிக்கின்றன. ஆனால் விரதங்களைத் தள்ளி வையுங்கள். ரமலான் நோன்பிலிருந்து நோயாளிகளுக்கு இஸ்லாம் விலக்கு அளிக்கிறது. தவக்கால நோன்பிலும் நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. நேர்ந்துகொண்ட விரதத்தையும் உடல் தேறிய பிறகு நிறைவேற்றலாம். மருந்து ஏறிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அப்போது திருவிழாக் கூட்டம் வேண்டாம். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறோம். "என்ன பாவம் செய்தேனோ" என்று நோயாளி தம்மையே நொந்துகொள்ள நேரக்கூடாது. நோய் தண்டனை அன்று. அப்படிப் பேசும் உறவினரை வாசலோடு அனுப்பிவிடுவதும் பராமரிப்பில் ஒரு பகுதியே.

இவை எவையும் சிகிச்சைக்கு மாற்று அல்ல. உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், கஷாயமும் வேண்டாம், விடியட்டும் என்ற காத்திருப்பும் வேண்டாம்; நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

அந்த அம்மையார் இறுதியில் ரசம் வைத்தார். சுவை மாறியிருந்ததால் உப்பு கூடிவிட்டதாம். "பேரன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தம்ளர் குடித்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எடை அரைக் கிலோதான் கூடியிருந்தது. ஆனால் அன்று எங்கள் அறைக்குள் வந்தவர் விருந்தாளி அல்லர், ஒரு வீட்டின் தலைவி.

அன்று முதல் எங்கள் கேள்விகளில் ஒன்று கூடியிருக்கிறது: "இந்த வாரம் உங்கள் கையால் என்ன செய்தீர்கள்?" பணி நெருக்கடியில் நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறோம்.