கேடயத்துக்காகக் கைவிடப்பட்ட உடன்படிக்கை

'கோல்டன் டோம்' எனும் ஏவுகணைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 175 பில்லியன் டொலர் செலவாகுமென 2025 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அறிவித்தார். 1983 இல் றீகன் கண்ட விண்வெளிக் கவசக் கனவு மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. ஆனால், இவ்விவாதத்தின் வேர் அதற்கும் முந்தியது.

1972 மே மாதம் மொஸ்கோவில் நிக்சனும் பிரெஷ்னேவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, தாக்கும் ஆயுதத்தையன்றி அதனைத் தடுக்கும் ஆயுதத்தையே மட்டுப்படுத்தியது. விந்தையாகத் தோன்றினும் இதில் நியாயம் இருந்தது. கேடயம் வைத்திருப்பவர் முதலில் தாக்கிவிட்டு, எதிரியிடம் எஞ்சிய சில ஏவுகணைகளைத் தடுத்துக்கொள்ளலாம் என எண்ணத் துணிவார். அந்த அச்சமே மறுதரப்பை மேலும் ஏவுகணைகளைக் குவிக்கத் தூண்டும்.

2001 டிசம்பரில் ஜோர்ஜ் புஷ் இவ்வுடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2002 ஜூன் 13 இல் விலகல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே, 'ஸ்ராட்-2' உடன்படிக்கை தன்னைக் கட்டுப்படுத்தாதென ரஷ்யா கூறிவிட்டது. நிலத்திலிருந்து ஏவப்படும் பல்முனை அணுவாயுத ஏவுகணைகளைத் தடைசெய்யவிருந்தது அந்த உடன்படிக்கைதான். உண்மையான இழப்பு இதுவே. அன்று அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர். 2018 மார்ச்சில் புதிய ஆயுதங்களை அறிமுகம் செய்த புட்டின், அமெரிக்காவின் விலகலையே காரணமாகக் காட்டினார். அவர் கூறுவதனைத்தையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எனினும், அவருக்கு அந்தச் சாக்கை வழங்கியது வொஷிங்டனே.

கிடைத்த கேடயமோ அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் நிறுத்தப்பட்ட 44 இடைமறிப்பு ஏவுகணைகள். முன்கூட்டியே திட்டமிட்ட பரிசோதனைகளில்கூட அவை ஏறத்தாழ அரைவாசியிலேயே இலக்கைத் தாக்கின. வடகொரியாவின் ஓரிரு ஏவுகணைகளுக்கு ஈடுகொடுக்கலாம்; ரஷ்யக் களஞ்சியத்துக்கு முன் அவை எம்மாத்திரம்?

2010 இல் ஒபாமாவும் மெட்வடேவும் கைச்சாத்திட்ட 'புதிய ஸ்ராட்' உடன்படிக்கை, நிலைநிறுத்தப்பட்ட அணுவாயுத முனைகளைத் தரப்புக்கு 1550 ஆக மட்டுப்படுத்தியது. தாக்குதல் ஆயுதத்துக்கும் தற்காப்பு ஆயுதத்துக்குமான தொடர்பை அதன் முகவுரை ஏற்றுக்கொண்டதேயன்றிக் கேடயத்துக்கு வரம்பு விதிக்கவில்லை. 2023 இல் ரஷ்யா அதில் தனது பங்கேற்பை இடைநிறுத்தியது. 2021 இல் நீடிக்கப்பட்ட அதன் ஆயுளோ 2026 பெப்ரவரி 5 வரை மாத்திரமே. இனியொரு உடன்படிக்கையில் சீனாவும் சேரவேண்டுமென்பது வொஷிங்டனின் நீண்டநாள் விருப்பம். அவ்வாறு பேச அமர்ந்தால், மொஸ்கோவும் பீஜிங்கும் முதலில் கேட்கப்போவது இந்தக் கேடயத்தைப் பற்றியே.