மலைமடிப்பில் ஊமையாகும் கருவி

செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் மீதான தடை இன்றளவும் 2008 மும்பைத் தாக்குதலைச் சுட்டியே நியாயப்படுத்தப்படுகிறது. அதற்கு மேற்கோளாகும் சட்டங்களோ 1885, 1933ஆம் ஆண்டுகளுக்குரியவை. தடையின் விலையைச் செலுத்துபவர் யார்? இமாச்சலத்தின் பில்லிங்கில் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்திலிருந்து பறந்து, தவுலாதார் மலைமடிப்புக்குள் விழும் பாராகிளைடர் வீரர். கைப்பேசிக் கோபுரத்தின் அலை அங்கே எட்டுவதில்லை. 2022இல் வெளிவந்த ஐபோன் 14 முதல், செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் வசதி அவர் சட்டைப்பையிலேயே இருக்கக்கூடும். அமெரிக்காவில் பேசும் அக்கருவி இந்திய மண்ணில் ஊமை. தனிக்கருவி கொண்டுவந்தாலோ வழக்கு: 2024இல் கோவா விமான நிலையத்தில் அதுவே நடந்தது.

பறக்கையில் குறுஞ்செய்தி தட்டுவது கவனத்தைச் சிதறடிக்கும் என்பர். மறுப்பதற்கில்லை. ஐபோனைச் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பிப் பிடித்தாக வேண்டும். சிறு விமானத்தின் உலோகக் கூரையோ அலையை மறைக்கும். விமானியின் கண் வெளியேதான் இருக்க வேண்டும். ஆனால் இது பறத்தலுக்கு எதிரான வாதம். விழுந்து, கால் முறிந்து, பாறையிடுக்கில் கிடப்பவருக்கு எதிரான வாதமன்று.

உரிமம் பெறலாமே என்கிறது அரசுத் தரப்பு. இரு வாரம் பறக்க வருபவர் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமாம்! உரிமம் கேட்டு வரிசையில் நிற்கும் பயங்கரவாதி எவன்? பறப்போரின் பெயரைப் பதியும் பிர் அலுவலகத்திலேயே கருவியின் எண்ணையும் பதிந்துகொள்வதற்கு என்ன தடை என்பதை எந்தச் சுற்றறிக்கையும் விளக்கவில்லை.