இத்தாலி செல்வார்க்கு ஒரு சொல்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இந்நாளிற் கடல் கடந்து உலாவி வருகின்றனர். பிள்ளைகளையும் பேரரையும் காணச் செல்வார் ஒருபுறமிருக்க, விடுமுறையை இனிது கழித்தற்கென்றே செல்வாரும் உளர். அன்னார் சிலர் நாடிச் செல்லும் தேயம் இத்தாலி. உணவாற் புகழ்பெற்ற அந்நாட்டுக்குச் சென்று அரைவயிற்றோடு மீள்வாரும் நம்மவருள் உளர். அந்நாட்டிற் குறையொன்றில்லை, பிரயாணத்தை வகுக்கும் முறையிலேயே குறையுளது என்பது எமது துணிபு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை யாம் அறிவோம். தமது பணிக்கொடையில் ஒரு பங்கைச் செலவிட்டு, பிரயாண முகவர் வகுத்துக் கொடுத்தவாறே பத்து நாளில் ஏழு நகரங்களைக் கண்டு வந்தார். விடியுமுன் பெட்டி கட்டுதல். நண்பகலிற் பேருந்தினுள் பிஸ்கற்று. இரவானால், எந்நகரமாயினும், ஒரே வகையான வடஇந்திய உணவுச்சாலை. பீசா நகரின் சாய்ந்த கோபுரத்தின் முன் எடுத்த படம் அவர் வீட்டு முன்விறாந்தையிற் பொலிகின்றது. இத்தாலிய உணவு எவ்வாறிருந்தது என வினவினால், பருப்புக்கறி பழுதில்லை என்கிறார்!

இத்தாலிய உணவு என ஒன்றைச் சுட்டிக் காட்டுவதே அரிது. பல சிற்றரசுகளாய்ப் பிரிந்து கிடந்த அந்நாடு 1861ஆம் ஆண்டிலேதான் ஓர் இராச்சியமாயிற்று. அதன்பின் முப்பதாண்டு கழித்து, 1891இல், பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பார் பல மாகாணத்துச் சமையல்களையும் ஒரு நூலிலே தொகுத்துத் தம் சொந்தச் செலவில் அச்சேற்றினார். அங்ஙனந் தொகுத்தும் ஊர்தோறும் அடுப்பு வேறாகவே நின்றது. 2025ஆம் ஆண்டு டிசெம்பரிற் புதுடில்லியிற் கூடிய யுனெஸ்கோக் குழு இத்தாலியச் சமையலை மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்ததும் அப்பன்மையை உளங்கொண்டே எனலாம். ஆதலின் நகரங்களின் தொகையைக் குறைத்து, தங்கும் நாளைக் கூட்டுக. பத்து நாளுக்கு மூன்று நகரம் போதும். ஓர் ஊரில் மூன்றாம் நாள் ஒரே கடைக்குச் செல்பவனுக்கே கடைக்காரன் முகங்கொடுத்துப் பேசுவான்.

இனி, நம்மவர்க்குப் பெருங்கவலையாவது மரக்கறி உணவு. விரதங் காப்போன் அந்நாட்டை எண்ணவே கூடாதென்பார் சிலர். போனவிடத்தில் நியமத்தைத் தளர்த்தினால் என்ன என்பார் வேறு சிலர். இவ்விரு திறத்தார் கூற்றும் எமக்கு உடன்பாடன்று. செல்லுந் திசையை அறிந்து தெரிந்தால் இவ்விடர்ப்பாடு பெரும்பாலும் தீரும். வடக்கே வெண்ணெயும் முட்டையும் இறைச்சியும் மிகுதி. பொலோஞாவின் புகழ்பெற்ற பாஸ்தா முட்டை சேர்த்துப் பிசைந்தது. மிலான் நகரத்துக் குங்குமப்பூச் சோறு பார்வைக்குச் சைவமாய்த் தோன்றினும் மாட்டெலும்பின் மச்சையும் இறைச்சிச் சாறுங் கொண்டு ஆக்கப்படுவது. தெற்கேயோ கோதுமை, ஒலிவ எண்ணெய், தக்காளி, கத்தரி, பயறு, கடலை என்பனவே ஏழையின் நாளுணவு. அங்கு வழங்கும் உலர்ந்த பாஸ்தா வன்கோதுமை ரவையும் நீரும் மாத்திரமே. அவ்வாறு வன்கோதுமையாலேயே செய்தல் வேண்டுமென 1967ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் இயற்றினர்.

பாற்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பார்மிஜானோ எனும் பேர்பெற்ற பாற்கட்டி, கன்றின் இரைப்பையினின்று எடுக்கும் உறைபொருளால் உறையிடப்படுவது. உரோமாபுரியின் பெக்கொரீனோவுக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பை. பால்தானே என்றெண்ணி உண்பார் இதனை அறிந்து முடிவு செய்வாராக. முற்றும் விலக்குவோர்க்கு நாப்போலி நகரம் ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே மரினாரா எனும் பீற்சாவில் தக்காளி, உள்ளி, ஒரிகானோ இலை, எண்ணெய் என்பனவன்றி வேறில்லை. பெயர் கடலோடியைச் சுட்டினும் மீன் கிடையாது. மாவிலும் மா, நீர், உப்பு, நொதி நான்குமே. அந்நகரத்துப் பீற்சாக்காரரின் கைத்தொழில் 2017ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. வேறெங்கேனும் உண்ணப்புகின், “சென்ட்ஸா கார்னே” என இறைச்சியை மாத்திரம் விலக்கிச் சொல்லல் போதாது. “சென்ட்ஸா பெஷே” என மீனையும் விலக்கிக் கூறுக. கீரைக்கறியில் நெத்தலி கரைந்திருத்தல் அங்கு வழக்கம்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் காலமும் ஒரு கேள்வி. ஆகஸ்ட் விடுமுறையிற் செல்லுதல் நன்றன்று. வெயில் கொடிது, அம்மாதம் 15ஆந் திகதி அவர்களுக்குப் பெருநாளாதலின், அதனையொட்டி நகரங்களிற் குடும்பத்தார் நடத்தும் சிற்றுணவுக் கடைகள் பல அடைபட்டுக் கிடக்கும். நமது சித்திரைப் புத்தாண்டு விடுமுறையே தக்கது. அக்காலத்தில் ஆர்ட்டிசோக் மொட்டும் பச்சை அவரையும் சந்தைக்கு வரும். உரோமாபுரியின் பழைய யூதர் தெருவிலே அம்மொட்டை முழுதாய் எண்ணெயிற் பொரித்துத் தருவர். இதழ்கள் விரிந்து பொன்னிறமாய் முறுகியிருக்கும். விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தைமாதம் வரை காத்திருந்து அல்லற்படுவானேன்?

அவர்களுடைய நேரத்துக்கு நம் வயிற்றைப் பழக்குதலும் வேண்டும். பகலுணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. அதன்பின் அடுப்பணையும், இரவு ஏழரைக்கு முன் மூளாது. மாலை ஐந்து மணிக்குச் சோறு தேடுவோன் அயல்நாட்டாருக்கென விரித்த கடையில் அகப்பட்டு இருமடங்கு கொடுப்பான். கோப்பியை நின்று பருகினால் ஒரு விலை, அமர்ந்து பருகினால் வேறு விலை. மேசைக்கென ஆளுக்கொரு சிறு தொகை கணக்கிற் காணப்பட்டால் அதனோடு சண்டையிடல் வேண்டா. விலைப்பட்டியலில் முன்னரே அச்சிட்டிருப்பர்.

ஊறுகாய்ப் போத்தலும் மின்சாரச் சோற்றுப்பானையுமாய்ச் செல்லும் அன்பரை யாம் பழிக்கவில்லை. ஆயினும் ஒன்று கேட்போம். யாழ்ப்பாணத்துக்கு விருந்தாக வந்த வெளிநாட்டார், நாம் இட்ட தோசையையும் பனங்கட்டியையும் தொடாது தம் பையிலிருந்து பாணை எடுத்து உண்டால் நம் வீட்டுப் பெண்டிர் என்ன நினைப்பர்?

எம் தெரிவு இதுவே: உரோமாபுரியில் மூன்று நாள், நாப்போலியில் மூன்று நாள், எஞ்சியவை சிசிலித் தீவின் பலெர்மோவில். நாப்போலியினின்று பலெர்மோவுக்குப் புகையிரதத்திற் செல்லுக. மெசினா நீரிணையில் அவ்வண்டியைப் பகுதி பகுதியாய்க் கப்பலினுள் ஏற்றி அக்கரை சேர்ப்பர். மேற்றளத்தில் நின்று கடற்காற்று வாங்கலாம். பலெர்மோவிற் கடலைமாவைக் காய்ச்சித் தட்டிப் பொரித்த பனெல்லேயைப் பாணுள் வைத்துத் தருவர். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாய் வதக்கிய கப்போனாத்தாவும் உண்டு. பல்லரோச் சந்தையில் நம்மூர்ப் பேச்சொலி காதில் விழின் வியக்க வேண்டா. நம்மவர் அந்நகரிற் பல்லாண்டாக வாழ்கின்றனர். சைவராயிருந்தும் பெல்லெக்ரீனோ மலையேறி ரொசாலியா அம்மையின் குகைக் கோயிலில் வணங்கி வருவார் பலர். எக்கடைக்காரன் மீன் பொரித்த எண்ணெயிலே பனெல்லேயையும் இடுகிறான், எவன் இடுவதில்லை என்பதை அவர்களிடமே விசாரித்து அறிக.